இருபத்திரண்டு நாள்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் இங்கே நலமாக இருக்கிறேன். நீ, அத்தான், குழந்தை எல்லோரும் சுகந்தானே? குழந்தைக்குச் சளி விட்டதா?

வேலை நன்றாகப் போகிறது. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் பெரிய சலவை ஆலை இது. விரிப்பை ஒரு பக்கம் உருளைக்குள் விட்டால் மறுபக்கம் காகிதம் மாதிரி விறைத்துக்கொண்டு வரும். அதைச் சூட்டோடு பிடித்து மடிப்பவர்களில் நானும் ஒருத்தி. ஓட்டல் வரவேற்பறை வேலை பிறகு தருவார்களாம். மேற்பார்வையாளரம்மா மிகவும் நல்லவர். தங்குவது ஆலைக்கு மேல்மாடியிலேயே. வெளியே அலைகிற சிரமம் இல்லை. எங்கள் அடையாள அட்டையையும் போனையும் தொலைந்துவிடக்கூடாதென்று அலுவலகத்தில் வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு கடிதம் எழுதலாம். உறையை ஒட்டாமல் கொடுத்தால் அவர்களே ஒட்டி அனுப்பிவிடுவார்கள். பதிலை உறைமேல் இருக்கும் தபால்பெட்டி எண்ணுக்கே எழுது.

அப்பா எப்படி இருக்கிறார்? மருந்தை வேளாவேளைக்குக் கொடு. நான் வந்து பார்க்கும்வரை அப்பாவை விட்டு எங்கும் போகாதே. அப்பாவைப் பற்றித்தான் எந்நேரமும் நினைப்பு.

அன்புடன்,
உன் வாலு

*

பிப்ரவரி 20

பெண்கள் உதவி மையத்து அம்மாவுக்கு வணக்கம்.

நீங்களும் உங்களோடு வேலை செய்கிறவர்களும் நலமாக இருக்க வேண்டும். பேருந்து நிலையத்துப் பெண்கள் கழிப்பறைக் கதவில் உங்கள் முகவரி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து எழுதுகிறேன். போன் எண்ணும் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரே போன்தான், அது என் கணவரிடம் இருக்கும்.

என் தங்கைக்குப் பத்தொன்பது வயது. ஐந்து மாதத்துக்கு முன் ஓட்டல் வேலை என்று கூட்டிப் போனார்கள். இத்துடன் அவள் கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தியைப் பாருங்கள். எங்கள் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. தலைமாட்டில் உட்கார்ந்து வாயில் தண்ணீர் விட்டவளே அவள்தான்.

முதலில், பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அழுதேன். பிறகு இன்னொரு முறை படித்தேன். உறையை ஒட்டாமல் கொடுக்கிறாள். அப்படியானால் யாரோ படிக்கிறார்கள். படிக்கிறவர்களுக்கு எங்கள் அப்பா இல்லை என்பது தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

அவள் இருக்கும் ஊர் எதுவென்று தெரியாது. தபால்பெட்டி எண் மட்டுந்தான் இருக்கிறது. கூட்டிப் போனவர்கள் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். வேலை ஒப்பந்தத் தாள் எதுவும் என் கையில் இல்லை. போலீசுக்குப் போனால் அங்கே அவளை என்ன செய்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதிலை நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை முகவரிக்கு அனுப்புங்கள். முதலாளியம்மா பிரிக்காமல் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா

*

பிப்ரவரி 25

அன்புள்ள சகோதரிக்கு,

நலம். நீங்கள் சாப்பிடாமல் கொள்ளாமல் இருப்பீர்கள் என்று தெரியும். முதலில் சாப்பிடுங்கள், இது நாளாகும் வேலை.

உங்கள் தங்கை கெட்டிக்காரி. கடிதத்தைப் படிக்கிறவர்களின் மூக்குக்குக் கீழேயே உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் பதினேழு வருடம் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள். வாய் திறக்க முடியாத நோயாளிகள் கண்ணால் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: புரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவே கூடாது. அழுகை, கோபம், "உடனே வந்துவிடு" எதுவும் வேண்டாம். அப்பா உயிரோடு இருப்பதாகவே எழுதுங்கள். அவர் உடம்பைச் சாக்காக வைத்துச் சாதாரணமாகக் கேளுங்கள். கதவு வெளியே பூட்டப்படுகிறதா, எத்தனை பேர் இருக்கிறார்கள், அடி விழுகிறதா, சுற்றுப்புறம் எப்படி. இடம் தெரியாமல் போலீசிடம் போனால் விஷயம் கசிந்து, இரண்டு மணி நேரத்தில் ஆட்களை மாற்றிவிடுவார்கள். இடம் தெரிந்தபின் போலீசும் தொழிலாளர் அதிகாரிகளும் நம்மோடு வருவார்கள். நான் நம்பும் பெண் அதிகாரி ஒருவர் இருக்கிறார்.

எனக்கு மூன்று கேள்விகள். தங்கை இதற்கு முன் கடிதம் எழுதினாளா? ஏதாவது தழும்பு, மச்சம், புகைப்படம்? அவளைக் கூட்டிப் போனது யார்?

மூன்றாவதுதான் முக்கியம். "தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள்" என்று ஒருவருக்கும் பெயர் கிடையாது.

தைரியமாக இருங்கள்.

ஆலோசகர்

*

மார்ச் 1

என் அருமை வாலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது. குழந்தைக்குச் சளி விட்டது. இப்போது பல் முளைத்து, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறான். நேற்று அத்தானின் செருப்பு.

அப்பா நன்றாக இருக்கிறார். நீ விசாரித்ததைப் படித்துக் காட்டினேன். "என் மவ என்னை மறக்கல பாத்தியா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். மருந்து கொடுக்கிறேன், கவலைப்படாதே. டாக்டரம்மா ஒருவரிடம் காட்டியிருக்கிறேன். கைராசிக்காரர். கொஞ்சம் நாளாகும், ஆனால் கட்டாயம் குணமாகும் என்கிறார்.

கதவை வெளியே தாழ்போட்டால் அப்பாவுக்கு மூச்சு முட்டுமே, நினைவிருக்கிறதா? உனக்கும் அதே உடம்பு. அங்கே மூச்சு முட்டல் வருகிறதா? முதுகுவலியும் இப்போது உண்டு அவருக்கு. உனக்கு எப்படி? கூட எத்தனை பேர் தங்கியிருக்கிறீர்கள், சிரிப்பும் கும்மாளமுமாக இருக்குமே என்று கேட்கிறார். காலையில் என்ன சத்தம் கேட்டு எழுந்திருக்கிறாய் என்றும் கேட்கச் சொன்னார்.

மேற்பார்வையாளரம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் சொல்படி நட.

உன் அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கண்டு சந்தோஷம். டாக்டரம்மா கிடைத்ததில் ரொம்ப ரொம்ப சந்தோஷம். அவர் சொல்கிறபடியே செய், அக்கா. நடுவில் மருந்தை நிறுத்திவிடாதே.

எனக்கும் அப்பா உடம்புதான். அதே மூச்சு முட்டல், தினமும். முதுகுவலி எனக்குக் கொஞ்சம், மற்றவர்களுக்கு அதிகம். பதினொரு பேர் இருக்கிறோம். பக்கத்துப் படுக்கைக்காரி நன்றாகப் பாடுவாள். உருளை ஓடுகிற இரைச்சலில் வாயசைவு மட்டும் தெரியும். பாட்டுக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவளுக்குப் பதினாறு வயதுதான், ஆனால் வேலையில் சூரப்புலி. காலையில் ரயில் கூவுகிற சத்தத்தில் எழுந்திருக்கிறோம்.

கீழ்வீட்டு அக்காவை விசாரித்ததாகச் சொல். அவரை நான் மறக்கவேயில்லை.

அன்புடன்,
வாலு

*

மார்ச் 26

அன்புள்ள சகோதரிக்கு,

நலம். நீங்கள் அனுப்பிய நகல் கிடைத்தது. கூட உங்கள் கையால் ஒரு வரிகூட இல்லை. வழக்கமாக இரண்டு பக்கம் எழுதுகிறவர் நீங்கள்.

பதினொரு பேர், வெளியே பூட்டிய கதவு, அடி, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. இது போதும் என்று அதிகாரி சொல்கிறார். இடம் மட்டும் வேண்டும். தபால்பெட்டியை ஏதோ போலிப் பெயரில் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ரயில் சத்தம் பாதி உலகத்துக்குக் கேட்கிறது.

நான் கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டுக்குப் பதில் வந்தது. மூன்றாவதை நீங்கள் பார்க்காதது போலத் தாண்டிப் போகிறீர்கள். உங்கள் தங்கை தாண்டவில்லை. கீழ்வீட்டு அக்கா யார்?

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. இந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்த முக்கால்வாசிப் பேர் ஒரு பெயரை விழுங்கிக்கொண்டுதான் பேசுகிறார்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு நாளும் அங்கே பதினொரு பேருக்கு ஒரு நாள்.

உடனே எழுதுங்கள்.

ஆலோசகர்

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

இந்த மாதம் எழுத அதிகம் இல்லை. பாட்டுக்காரி முந்தாநாள் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். தன் அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டாள். மறுநாளே வேன் வந்தது. நல்ல இடமாம். சாமான்களை எடுத்துக்கொள்ளக்கூட நேரமில்லை.

அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று கனவு கண்டேன். டாக்டரம்மா வரவில்லையா?

வாலு

*

ஏப்ரல் 20

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் மார்ச் 29ஆம் தேதி என் கைக்கு வந்தது. இன்று ஏப்ரல் 20. நலம் விசாரிக்கக்கூட எனக்கு முகமில்லை.

கீழ்வீட்டு அக்கா என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. நாங்கள் மாடியில், அவர்கள் கீழே. எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். என் பிரசவத்தில் என்னைத் தாங்கியவர். "உன் தங்கச்சிய நான் பாத்துக்கறேன், கவலைய விடு" என்று அவர்தான் சொன்னார். அவளுக்கு முன் இரண்டு பெண்களையும் அவர்தான் அனுப்பினார். ஒவ்வொரு முறையும் அதே ஆள்தான் வேனோடு வருவான், கழுத்தில் தீக்காயத் தழும்போடு. கீழே உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவான். நான்தான் காபி போட்டுக் கொடுப்பேன்.

தாள் இல்லை என்று எழுதினேன் அல்லவா? அது பொய். ஆரம்பத்திலிருந்தே என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் ஆலையின் முத்திரையும் முகவரியும் இருக்கின்றன. அவள் வயதைக் கூட்டி இருபத்தொன்று என்று போட்டு, காப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால்தான் மறைத்தேன். பெயரைச் சொன்னால் வீடு இரண்டாகும், கையெழுத்தைக் காட்டினால் நானும் உள்ளே போவேன், குழந்தை என்ன ஆகும் என்று தினமும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கடையில் கண்ணாடி துடைத்துக்கொண்டே இருந்தேன், துடைத்ததையே துடைத்தேன்.

முந்தாநாள் தங்கையின் கடிதம் வந்தது. அதையும் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அசல்தான். எனக்கு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

என்னை என்ன செய்தாலும் சரி. அவளைக் கொண்டுவாருங்கள்.

அக்கா

*

ஏப்ரல் 29

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் செய்தி. உங்கள் தங்கை வெளியே வந்துவிட்டாள். உயிருக்கு ஆபத்தில்லை. இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நேற்றுக் காலை பத்தரை மணிக்குப் போனோம். தொழிலாளர் அதிகாரிகள் இருவர், பெண் போலீசார் நால்வர், நான். வெளியே பார்த்தால் ஒழுங்கான சலவை ஆலை. முன்வாசலில் பூந்தொட்டிகூட இருந்தது. மேற்பார்வையாளர் சிரித்த முகமாக, "எல்லாரும் இஷ்டப்பட்டு வேலை செய்யறவங்க, நீங்களே கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டோம். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு, "இஷ்டப்பட்டுத்தான்" என்றார்கள். இப்படியே சொல்லிவிட்டால் அதிகாரிகளால் ஒன்றும் செய்ய முடியாது.

நான் மடிக்கும் மேசைப் பக்கம் நடந்துபோய், யாரையும் பார்க்காமல், "அப்பாவுக்கு வைத்தியம் பாக்கற டாக்டரம்மா வந்திருக்கேன்" என்றேன். ஒரு பெண் கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டாள். "எங்கப்பா செத்து ஆறு வருஷம் ஆச்சு" என்று ஆலை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "மாடிக்குப் போற கதவுச் சாவி அந்தம்மா இடுப்புல இருக்கு. வாங்கித் திறந்து பாருங்க." அதன்பின் ஒவ்வொருவராகப் பேசினார்கள்.

பத்துப் பேர் இப்போது எங்கள் காப்பகத்தில். டாக்டர் பார்த்தார். உங்கள் தங்கையின் வலது கையில் உருளைச் சூடு பட்ட புண், ஆறிவிடும். வழக்கறிஞர் இருக்கிறார். வாக்குமூலம் அவளாக எப்போது விரும்புகிறாளோ அப்போது. இங்கே அறைத் தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான்.

பாட்டுக்காரி கிடைக்கவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று ஆலைக்காரர்கள் யாரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

நீங்கள் உடனே வரத் துடிப்பீர்கள். வேண்டாம். உங்களைப் பார்க்க வேண்டும் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. எழுதலாம். இந்த முறை எதையும் மறைக்காமல்.

ஆலோசகர்

*

மே 6

என் வாலுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? கைப்புண் ஆறுகிறதா? சாப்பிட முடிகிறதா? இந்த மூன்றையும் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதோ என்னவோ, கேட்டுவிட்டேன்.

உன் மார்ச் கடிதம் வந்தபோதே உன்னை வெளியே கொண்டுவரும் தாள் என் பெட்டியில் இருந்தது. உன்னை அனுப்பியவர் பெயரைக் கேட்டு டாக்டரம்மா எழுதியது மார்ச் 29ஆம் தேதி என் கைக்கு வந்தது. நான் இருபத்திரண்டு நாள் பதில் போடவில்லை. நீ, "மருந்தை நிறுத்திவிடாதே" என்று எழுதியிருந்தாய். நான் நிறுத்தினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கீழ்வீட்டு அக்கா கேட்டபோது நான் ஏன் அவ்வளவு சீக்கிரம் சரியென்றேன் தெரியுமா? இரண்டு அறையில் நீயும் இருப்பது எனக்கு இடைஞ்சலாக இருந்தது. அத்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். நீ போனால் வீடு அமைதியாகும் என்று நினைத்தேன். வேன் கிளம்பியபோது நான் அழுதேன். கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

கீழ்வீட்டு அக்காவைப் போலீசார் அழைத்துப் போனார்கள். அத்தான் என்னோடு பேசுவதில்லை. நானும் குழந்தையும் கண்ணாடிக் கடைப் பின்னறையில் இருக்கிறோம். இதை நீ இரக்கப்பட எழுதவில்லை. முகவரி மாறியதற்காக எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூன் 14

அக்காவுக்கு,

உடம்பு தேவலை. கைப்புண் ஆறிவிட்டது, தோல் மட்டும் இழுக்கிறது. குழந்தை எப்படி இருக்கிறான்?

உன் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் எழுதவில்லை. நீ காத்திருந்தது போல நானும் உன்னைக் காக்கவைக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

இடைஞ்சலாக இருந்தேன் என்பது எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் மறுபேச்சுப் பேசாமல் வேனில் ஏறினேன். அதை உன் மனதிலிருந்து எடுத்துப் போட்டுவிடு. ஆனால் அந்த இருபத்திரண்டு நாளை என்னால் எடுத்துப் போட முடியவில்லை. பாட்டுக்காரியைக் கொண்டுபோனது அதில் ஒன்பதாவது நாள். நான் கணக்குப் பார்த்தேன். நீ உடனே எழுதியிருந்தால் அவளும் எங்களோடு வெளியே வந்திருப்பாள். அவளுக்காக உன்னை மன்னிக்க நான் யார்?

ஒன்று கேட்கிறேன். கீழ்வீட்டு அக்கா, "எனக்கு ஒண்ணும் தெரியாது, கையெழுத்துப் போட்டது அவ" என்று சொல்கிறாராம். வேன்காரனை இதுவரை அடையாளம் சொல்ல ஆளில்லை. எங்களை இருட்டில் ஏற்றினார்கள். எங்களில் யாரும் அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. நீ அவனுக்குக் காபி கொடுத்திருக்கிறாய் என்று ஆலோசகர் சொன்னார். நீதிபதி முன்னால் வந்து சொல். உன் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். பயமாக இருந்தால் வராதே. ஆனால் இந்த முறை வரவில்லை என்பதையாவது உடனே எழுதிவிடு.

தங்கை

*

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் குழந்தையும் நலமாக இருங்கள்.

நீ சாட்சி சொன்ன அன்று நான் கடைசி வரிசையில் இருந்தேன். நீ பார்க்கவில்லை. கீழ்வீட்டு அக்காவின் வழக்கறிஞர், "உங்க தங்கச்சிய நீங்களே அனுப்பிட்டு இப்ப நல்லவ வேஷமா?" என்று கேட்டார். உன் கழுத்து நரம்பு புடைத்தது. நீ எழுந்து கத்துவாய் என்று நினைத்தேன். "நான்தான் அனுப்பினேன். எழுதிக்குங்க. அடுத்த கேள்வியக் கேளுங்க" என்றாய். அப்புறம் நாலு படங்களில் வேன்காரனை ஒரே பார்வையில் தொட்டுக் காட்டினாய். அன்றைக்கே வந்து பேசியிருக்கலாம். என்னால் முடியவில்லை. கும்பல் கலையும்வரை தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அவனைப் பிடித்துவிட்டார்கள். அவன் இரண்டு இடங்களைக் காட்டினான். இரண்டாவது இடத்தில் பாட்டுக்காரி இருந்தாள்.

பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொல்கிறார். பாதி எடையாகிவிட்டாள். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து காப்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவள் வீட்டுக்கு ஆலோசகர் போன் செய்தார். "எங்களுக்கு அப்படி ஒரு பொண்ணு இல்ல" என்று வைத்துவிட்டார்கள். அவளைத் தனியாக விடக்கூடாது. யாராவது பக்கத்தில் இருந்தால்தான் சாப்பிடுகிறாள். வாரநாளில் நாங்கள் முறைபோட்டுப் பார்த்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் இல்லை. உனக்குக் கடை விடுமுறை ஞாயிறுதானே? குழந்தையையும் தூக்கி வரலாம் என்று ஆலோசகர் சொல்கிறார்.

நீ யாரென்று அவளுக்குச் சொல்லாமல் உன்னை உள்ளே விடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. அதனால் இன்று காலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இருபத்திரண்டு நாளையும் சேர்த்து. திட்டுவாள், நானும் சேர்ந்து திட்டலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

"அப்புறம் வந்து சொன்னாங்கல்ல?" என்று கேட்டாள்.

"சொன்னா" என்றேன்.

"எங்க வீட்ல யாரும் சொல்லல" என்றாள். பிறகு, "வரட்டும்" என்றாள்.

வா, அக்கா. இருபத்தேழாம் தேதி ஞாயிறு. காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்பேன்.

உன்
வாலு